மலையகத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

இலங்கை மலையகத்தின் வைத்தியசாலைகளிலும் ஹோட்டல்களிலும் நகரங்களிலும் இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களைப் பார்த்துக்கொள்பவர்களில் சிலர் இத்தொழிலை வளைகுடா நாடுகளிலும் ஜோர்தானிலும் பழகித் திரும்பியவர்கள். அவர்களுடைய கைப்பழக்கம் பெரும் சொத்து. ஆயினும் ஒரு கோளாறைக் கண்டதும் அவர்கள் மனம் முதலில் போய் நிற்கும் காரணம் வறண்ட நாட்டுக்குரியதாக இருப்பதால், இங்கே திருத்தம் தவறிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜோர்தானின் அம்மான் நகரக் கழிவுநீரைப் பெறும் அஸ்-சம்ரா நிலையத்தை எடுத்துக்கொள்வோம்: அங்கே ஆளொருவர் பயன்படுத்தும் நீர் மிகக் குறைவு என்பதால் வந்து சேரும் கழிவு, மழை வளமுள்ள நாடுகளின் கழிவைவிட இரண்டு மூன்று மடங்கு செறிந்திருக்கும், வெப்பமாகவும் இருக்கும். மலையகத்தின் கழிவுநீரோ மழையால் மெலிந்து, குளிர்ந்து, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் கரைந்து வருகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியை எடுத்துக்கொண்டாலும் மழை, குளிர், மென்னீர் ஆகிய மூன்றையும் முதலில் விசாரித்து, அவை காரணமில்லை என்று தெரிந்த பின்னரே இயந்திரத்தைக் கழற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காற்றூட்டத் தாங்கியும் அதையடுத்துப் படிவுத் தாங்கியும் கொண்ட சாதாரண நிலையத்தை மனதிற்கொண்டே இதை எழுதுகிறேன். காற்றூட்டத் தாங்கியில் கழிவைத் தின்று வளரும் நுண்ணுயிர்த் திரளையே கீழே சேறு என்கிறேன். கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: ஒரு லீற்றர் அளவுச் சாடி, வெப்பமானி, பீ.எச். மானி, கரைந்த ஒட்சிசன் மானி, காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கும் நீரின் வலு) அமோனியாவும் நைத்திரைற்றும் (அமோனியா நைத்திரேற்றாக மாறும் வழியில் உருவாகும் இடைப்பொருள்) பார்க்கும் சோதனைப் பெட்டி. இவற்றோடு நாளாந்த மழைக் கணக்கும் வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் குறித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருப்பதால், அருகிலுள்ள தோட்ட அலுவலகத்தில் கேட்டாலே கணக்குக் கிடைத்துவிடும்.

அறிகுறி: மழைக்கு மறுநாள் வெளியேறும் நீர் கலங்கி, சேறு கலந்து வருகிறது

வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதம் முதல் இந்த அறிகுறிதான் மிகுதி. ஊவாப் பக்கத்தில் இது பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பின்னரும் வடகீழ்ப் பருவமழைக் காலத்திலும் தலைகாட்டும்.

முதலில் படிவுத் தாங்கியில் சேற்றுப் படுகை எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று ஒளிபுகும் குழாயை இறக்கிப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் காற்றூட்டத் தாங்கி நீரைச் சாடியில் ஊற்றி 30 நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். சாடியில் சேறு நன்றாகப் படிந்து மேல்நீர் தெளிந்திருக்க, தாங்கியில் மட்டும் படுகை மேலே ஏறி நிற்குமானால், சேற்றில் குறையில்லை. வரும் நீரின் வேகமே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. சாடியிலும் படியாவிட்டால் இந்தப் பகுதியை விட்டு, சேறு படியாமை பற்றிய பகுதிக்குச் செல்லவும்.

நீரின் வேகம்தான் காரணம் என்று தெரிந்தவுடன் பலரும், படிந்த சேற்றைக் காற்றூட்டத் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும் திரும்பு பம்பின் ஓட்டத்தை இரட்டிப்பார்கள். பம்பு எடுக்கும் சேறு காற்றூட்டத் தாங்கி வழியாக மீண்டும் படிவுத் தாங்கிக்கே வருவதால், ஏற்கெனவே திணறும் தாங்கியின் சுமை இதனால் கூடும். அதைவிட, மழை உச்சத்தில் இருக்கும் ஒரு மணித்தியாலம் அல்லது இரண்டு மணித்தியாலம் காற்றை நிறுத்திவிடுவது மேல். அப்போது சேறு காற்றூட்டத் தாங்கியின் அடியிலேயே படிந்து தங்கும். மேலே ஓடும் நீர் மெலிந்த மழைநீர் என்பதால் அந்தச் சிறிது நேரத்தில் பெரிய கேடு வராது. ஆனால் இரவு முழுதும் காற்றை நிறுத்திவைக்கக் கூடாது.

இது முதலுதவி மட்டுமே. நிலையான திருத்தம் குழாய்வழியில் இருக்கிறது. மழையில்லாத வாரத்தில் அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் வரும் ஓட்டத்தை அளந்து, மழை வாரத்தில் அதே நேரத்து ஓட்டத்துடன் ஒப்பிட வேண்டும். மழை நின்றதும் ஓட்டம் சடுதியாகக் குறைந்தால் கூரைப் பீலிகளையும் முற்றத்து வடிகால்களையும் யாரோ கழிவுக்குழாயில் இணைத்திருக்கிறார்கள். மழை நின்று நாட்கணக்காகியும் ஓட்டம் மெதுவாகவே குறைந்தால், விரிசல் விட்ட மூட்டுகள் வழியாக நிலத்தடி நீர் புகுகிறது. முன்னதை வீடு வீடாகப் பேசித் திருத்தலாம். பின்னதற்குத் தோண்ட வேண்டும், பணமும் வேண்டும்.

இன்னுமொரு பொறியும் இங்கே உண்டு. மலைச்சரிவின் செம்மண் மேன்ஹோல் மூடிகளின் வழியே இறங்கி, மணல்பிடிப்பானையும் தாண்டித் தாங்கிக்குள் வந்துவிடும். ஆய்வுகூடம் அளக்கும் சேற்றுச் செறிவில் அந்த மண்ணும் சேர்ந்துவிடுவதால் எண்ணிக்கை உயர்ந்து காட்டும். இயக்குநர் சேறு கூடிவிட்டதென்று எண்ணி வெளியேற்றுவார். உண்மையில் குறைந்துபோன நுண்ணுயிர்கள் இன்னும் குறையும். சேறு செங்கல் நிறத்துக்கு மாறி, சாடியில் வழக்கத்தைவிட விரைவாகப் படிந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். மாதிரியை உலையில் எரித்து, எரிந்துபோகும் பங்கு எவ்வளவு என்று கேட்டால் ஐயம் தீரும்.

அறிகுறி: பீ.எச். இறங்குகிறது, அமோனியா குறைய மறுக்கிறது

என் கணிப்பில் மலையக நிலையங்களின் நோய்களுள் மிகவும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். வெளியேறும் நீரின் பீ.எச். 6ஐ நோக்கி இறங்கியதும், யாரோ அமிலத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று ஹோட்டல் சமையலறையையும் வாகனம் கழுவும் இடத்தையும் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அமிலத்தை உண்டாக்குவது தாங்கியில் வாழும் பக்றீரியாவே.

அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும்போது, அமோனியா நைதரசனின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 7.14 மில்லிகிராம் காரத்தன்மை (கல்சியம் காபனேற்றாகக் கணித்தால்) செலவாகிறது. மலையகத்தின் பெரும்பகுதி சுண்ணாம்பில்லாத பழம்பாறைகளின் மேல் அமைந்திருப்பதால், ஓடைகளிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் நாம் எடுக்கும் குடிநீரில் காரத்தன்மை மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்புக் கல்லின் தயவால் இது தாராளமாக இருக்கும். அத்தகைய நீரைப் பயன்படுத்தும் ஊரின் நிலையத்தில் இந்தச் செலவு கண்ணுக்கே தெரியாமல் ஈடுசெய்யப்பட்டுவிடும். மாத்தளை, திகன பக்கத்தில் சலவைக்கற் பாறைகள் உள்ள இடங்கள் மலையகத்துக்குள்ளேயே விதிவிலக்கு.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 100 கனமீற்றர் கழிவைப் பெறும் நிலையம். வரும் அமோனியா நைதரசன் லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்று கொள்வோம். தேவைப்படும் காரத்தன்மை 30 × 7.14, அதாவது 214 மில்லிகிராம். குடிநீரில் இருந்தது 30. சிறுநீரின் யூரியா சிதைந்து அமோனியாவாகும்போது நைதரசனின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 3.57 வீதம் 107 சேரும். கையிருப்பு 137, குறை 77. பீ.எச். நிலையாக நிற்க வெளியேறும் நீரில் குறைந்தது 50 மிஞ்ச வேண்டும் என்பதால் உண்மையான குறை லீற்றருக்கு 127 மில்லிகிராம், நாளுக்கு 12.7 கிலோகிராம். இதை நீறிய சுண்ணாம்பால் நிரப்பினால் சுமார் 9.5 கிலோகிராமும், சோடியம் இருகாபனேற்றால் நிரப்பினால் சுமார் 21 கிலோகிராமும் தேவைப்படும்.

ஆனால் மூட்டையை வாங்குமுன் செலவில்லாத வழி ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். காற்றை விட்டுவிட்டு நிறுத்தி, கலக்கியை மட்டும் ஓடவிட்டால், பக்றீரியா நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக வெளிவிடும். அப்போது செலவான காரத்தன்மையில் பாதி, நைதரசனின் மில்லிகிராமுக்கு 3.57 வீதம், திரும்பக் கிடைக்கும். மேலே சொன்ன நிலையத்தில் உருவாகும் நைத்திரேற்றில் பாதியை இப்படி நீக்கினாலும் 53 மில்லிகிராம் மீளும். சுண்ணாம்புத் தேவை 9.5 கிலோகிராமிலிருந்து ஐந்தரை அளவுக்கு இறங்கும். மின்கட்டணமும் குறையும். இந்த வழியைப் பயன்படுத்தாமல் சுண்ணாம்புக்கு மட்டும் கணக்கெழுதும் நிலையத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சுண்ணாம்பு இடுவதானால் நீரில் கரைத்து, நாள் முழுதும் சிறிது சிறிதாக விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பீ.எச். தாவி ஏறும், காலையில் 6ஆகவும் நண்பகலில் 9ஆகவும் இருப்பதைவிட 6.5இல் நிலைத்திருப்பது பக்றீரியாவுக்கு நல்லது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தேயிலை நிலத்துக்கு இடும் டொலமைட்டைச் சிலர் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அது மிக மெதுவாகக் கரைவதால் அவசரத்துக்கு உதவாது, தாங்கியின் அடியில் கல்லாகத் தங்கிவிடும்.

காரத்தன்மை போதிய அளவு இருந்தும் அமோனியா குறையாவிட்டால், அடுத்துக் கேட்க வேண்டியது குளிரை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகையுடன் இருக்கிறது. 30 பாகை நீரில் வளரும் வேகத்துடன் ஒப்பிட்டால், அமோனியாவை மாற்றும் பக்றீரியாவின் வளர்ச்சி இந்த வெப்பநிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். வளைகுடாவில் சேற்றை நான்கைந்து நாள் தங்கவைத்தாலே போதுமென்று பழகியவர் இங்கேயும் அதே அளவில் வெளியேற்றினால், பக்றீரியா பெருகுவதைவிட வேகமாக வெளியே போகும். தாங்கியிலுள்ள மொத்தச் சேற்றை நாளொன்றுக்கு வெளியேறும் சேற்றால் வகுத்து வரும் வயது, மேட்டு நிலங்களில் 12 முதல் 15 நாளுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றம் செய்தால் பலனைக் காண இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்கவும். அதற்குள் வேறு எதையும் மாற்றக் கூடாது.

அறிகுறி: ஊதி முழு வேகத்தில் ஓடியும் கரைந்த ஒட்சிசன் ஏறவில்லை, அல்லது மானி நல்லபடி காட்டியும் சேறு கருக்கிறது

இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனெனில் பெரும்பாலும் பொய் சொல்வது மானி. நுவரெலியாவின் உயரத்தில் காற்றமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் 80 சதவீதமே. 15 பாகையில் கடல் மட்டத்தில் நீர் லீற்றருக்கு 10.1 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். இங்கே சுமார் 8 மில்லிகிராமே. மானியை நிலையத்திலேயே காற்றில் பிடித்து அளவுதிருத்தும்போது, அமுக்கத்தைக் கடல் மட்டத்துப் பெறுமானமாக விட்டுவிட்டால், 8 இருக்கும் இடத்தில் 10.1 என்று அது கற்றுக்கொள்ளும். பின்னர் உண்மையில் 1.6 இருக்கும்போது 2 என்று காட்டும். உயரத்தைக் கொடுத்துத் திருத்துவதே சரி. வானிலை அறிக்கையில் வரும் அமுக்கத்தைப் பார்த்துப் பதியக் கூடாது, அது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்படும் எண்.

மானி சரியென்று உறுதியான பின் ஊதியைப் பார்க்கலாம். கொழும்பின் கணக்கில் தெரிவுசெய்த ஊதி அதே கனவளவு காற்றைத்தான் தள்ளும். மெலிந்த காற்றில் ஒட்சிசன் குறைவு. பல மோட்டர்களின் குறிப்பிட்ட வலு 1,000 மீற்றர் உயரம் வரைக்குமானது என்பதையும் பெயர்த்தகட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழிகள் தாங்கி முழுதும் சீராக வராமல் ஒரு மூலையில் மட்டும் பொங்கினால், பரவல் தட்டு கிழிந்திருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் ஏப்ரலில் மட்டும் ஒட்சிசன் விழுந்தால், நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டத்தை நினைக்கவும். சுமை சில நாட்களில் ஏறிவிடும், சேறு அந்த வேகத்தில் வளராது. மார்ச் தொடக்கத்திலேயே வெளியேற்றலைக் குறைத்துச் சேற்றைச் சேர்த்துவைக்க வேண்டும்.

அறிகுறி: சேறு படியவில்லை, அல்லது படிந்தபின் மிதக்கிறது

இரண்டும் வெவ்வேறு நோய்கள். 30 நிமிடத்தில் படிந்த சேற்றின் கனவளவை (லீற்றருக்கு மில்லிலீற்றரில்) 1,000ஆல் பெருக்கிச் சேற்றுச் செறிவால் வகுத்தால் வரும் சுட்டி 80க்கும் 150க்கும் இடையில் இருந்தால் நலம். 200ஐத் தாண்டினால் நூல்போன்ற நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. குளிர்ப் பகுதியில் இதற்குப் பெரும்பாலும் மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்பது காரணமாகும். அதற்குக் குளிரும் கொழுப்பும் பிடிக்கும். சமையலறைக் கொழுப்புப் பொறிகளை வாரந்தோறும் துப்புரவாக்கச் செய்வதும், சேற்றின் வயதைத் தேவைக்கு மேல் நீளவிடாததும் உரிய மருந்து. திரும்பு சேற்றில் குளோரின் இடுவது அவசர வழி, அளவு தவறினால் நல்ல பக்றீரியாவும் போய்விடும்.

நன்றாகப் படிந்த சேறு ஒரு மணித்தியாலத்துக்குப் பின் கட்டிகட்டியாக மேலே எழும்பி, குச்சியால் தட்டியதும் குமிழிவிட்டு மீண்டும் இறங்கினால், அது படிவுத் தாங்கியில் நைதரசன் வாயு உருவாவதன் அடையாளம். திரும்பு பம்பைச் சற்றுக் கூட்டுவதும், முன்னர் சொன்னபடி காற்றை விட்டுவிட்டு நிறுத்துவதும் போதும்.

அறிகுறி: நுரை

வெள்ளை நுரை சேறு இளமையாகவோ குறைவாகவோ இருப்பதைச் சொல்கிறது, பெருமழைக்குப் பின் எதிர்பார்க்கலாம். தடித்த கபில நிற நுரை கொழுப்பையும் நூல் நுண்ணுயிரையும் சொல்கிறது. அதை நீர் பாய்ச்சித் தாங்கிக்குள்ளேயே தள்ளாமல் வழித்தெடுத்து வெளியேற்ற வேண்டும்.

அறிகுறி: அழுகிய முட்டை நாற்றம்

சமதரையான வெப்ப நாடுகளில் கழிவு நெடுந்தூரம் மெதுவாக ஊர்ந்து வருவதால் குழாயிலேயே அழுகி, ஐதரசன் சல்பைட்டு கொங்கிரீட்டைத் தின்றுவிடும். மலைச்சரிவில் கழிவு விரைந்து இறங்குவதால் அது அரிது. ஆகவே நாற்றம் வந்தால் பம்புக் கிணற்றையும் பவுசரையும் விசாரிக்கவும். மலக்குழிகளில் உறிஞ்சி வரும் 4 கனமீற்றர் பவுசர் (தாங்கி லொறி) ஒன்றின் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன், லீற்றருக்கு 5,000 மில்லிகிராம் என்றால், அதில் 20 கிலோகிராம் சுமை இருக்கிறது. லீற்றருக்கு 200 மில்லிகிராம் வீதம் வரும் 100 கனமீற்றர் நிலையத்தின் ஒரு நாள் முழுச் சுமையும் அதுவே. தனித்தாங்கியில் இறக்கி, இரவில் சிறிது சிறிதாக விட வேண்டும்.

நாற்றம் திடீரென்று மறைந்தால் மகிழக் கூடாது. மில்லியனில் 100 பங்கு அளவில் இந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாயுமானியும், மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆளும் இல்லாமல் யாரையும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது.

அறிகுறி: குளோரின் இட்டும் கொலிபோம் (மல மாசைக் காட்டும் பக்றீரியா) குறையவில்லை

முதலில் ரீ.சீ.எல். எனப்படும் குளோரின் தூளைச் சந்தேகிக்கவும். ஈரமான மலையகக் களஞ்சியத்தில் திறந்து கிடந்த பீப்பாயில் வீரியம் இருக்காது. தூள் நல்லதென்றால் நைத்திரைற்றை அளக்க வேண்டும். குளிரால் பாதியில் நின்றுபோன மாற்றம் நைத்திரைற்றைத் தேக்கிவைக்கும். அதிலுள்ள நைதரசனின் ஒவ்வொரு மில்லிகிராமும் சுமார் 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். அப்போது தூளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, காரத்தன்மைக்கும் சேற்று வயதுக்கும் திரும்ப வேண்டும். இரண்டும் சரியென்றால், வர்ணக் கரைசலை ஊற்றி, உச்ச ஓட்டத்திலும் நீர் தொடுகைத் தாங்கியில் 30 நிமிடம் நிற்கிறதா என்று நேரம் பார்க்கவும்.

அறிகுறி: நிலையம் சரியாக இயங்கியும் கீழே ஓடை கெடுகிறது

மாதிரிகளை மூன்று இடங்களில் ஒரே காலையில் எடுக்க வேண்டும்: வெளியேறும் குழாய், அதற்கு மேலே ஓடையில், கீழே நன்றாகக் கலந்த பின்னர். மேலேயே நைத்திரேற்று உயர்ந்திருந்தால் அது மரக்கறித் தோட்டங்களின் பசளையாக இருக்கலாம். மேலே அமோனியாவும் கொலிபோமும் இருந்தால் லயங்களின் மலசலகூடக் குழிகளையும் நகர வடிகால்களையும் பார்க்க வேண்டும். கண்டியில் ஏரியிலிருந்து கெட்டம்பே நோக்கி ஓடி மகாவலியில் சேரும் மெத எல, வழியெல்லாம் வீட்டுக் கழிவையும் கடைக் கழிவையும் ஏற்றுக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேலே நீர் சுத்தமாக இருந்து கீழே மட்டும் கெட்டிருந்தால், பருவத்தைப் பார்க்கவும். 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகள் உள்நாட்டு மேற்பரப்பு நீருக்குள் விடும் கழிவுக்கு உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராம், தொங்கும் திண்மங்கள் 50 மில்லிகிராம், பீ.எச். 6.0 முதல் 8.5 வரை என்று வரையறுத்தன. ஆனால் ஏற்கும் நீர் கழிவைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே அவை எழுதப்பட்டன. மடங்கு குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் இறங்கும். ஊவாவில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி நீடித்து, ஓடை நான்கு மடங்குக்குச் சுருங்கினால், 30 என்ற எல்லை 15 ஆகிவிடும். சான்றிதழில் 28 என்று வரும் நீர் மழைக்காலத்தில் சட்டத்துக்குள்ளும் வெயில் காலத்தில் வெளியேயும் இருக்கும். வளைகுடாவிலும் ஜோர்தானிலும் பழகியவர்களின் அனுபவம் மிகவும் பயன்படும் இடமும் இதுதான்: கழிவுநீர் கலந்த ஓட்டத்தை நம்பி விவசாயம் செய்யும் நிலைமை அவர்களுக்குப் பழக்கமானது. வெலிமடைப் பக்கத்தில் அதே மாதங்களில் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் ஓடையிலிருந்து பம்பு வைத்து இறைக்கிறார்கள். ஆகவே ஓடையின் ஓட்டத்தை மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதி, மடங்கு எட்டுக்குக் கீழே போன நாளிலிருந்து குளோரின் தொடுகை நேரத்தைத் தினமும் சரிபார்த்து, சலாது இலை பயிரிடுவோருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.